பச்சோந்திக்குப் போட்ட சொட்டுநீர்

நான் சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கிறவன். கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டில் கடை. தென்னைக்கு எத்தனை டிரிப்பர், வாழைக்கு எந்தப் பைப், உப்புத்தண்ணீர்க் கிணறாக இருந்தால் என்ன ஃபில்டர் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். செடிக்குத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், சொட்ட விடுங்கள் என்று இருபது வருடமாக விவசாயிகளிடம் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு பச்சோந்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, குடிக்கிறதா குடிக்கிறதா என்று மூன்று நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். நடந்ததில் சிரிக்க முடிகிற பகுதி அது ஒன்றுதான்.

கடைக்குக் கொஞ்ச தூரத்தில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது. பைப்புகளை அடுக்க ஒரு குடோன் கட்டலாம் என்று வாங்கிப்போட்டது. மூன்று பக்கமும் கிளுவை வேலி. எங்கள் பக்கத்தில் கிளுவைக் குச்சியை ஒடித்து நட்டால் போதும். முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிடும். ஆடு நுழையாது, ஆளும் நுழைய முடியாது. ஆனால் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினால்தான் இடம் நம்முடையது என்று தோன்றுகிற காலம் இது. ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் ஜேசிபியை வரச்சொல்லி வேலியைப் பிடுங்கக் கொடுத்துவிட்டேன்.

பிடுங்கிய கிளைகளை வெட்டி ஒதுக்க ஓர் அம்மா வந்திருந்தார். பக்கத்து ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும். பாதி வேலை ஆகியிருந்தபோது வண்டி நின்றுவிட்டது. எனக்கு எதுவுமே நின்றால் பிடிக்காது. கத்திக்கொண்டே போனேன். அந்த அம்மா வண்டிக்கு முன்னால் கையில் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். வேலியடியில் தரையில், ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைப்பசேல் என்று ஒரு பச்சோந்தி. முன்னங்கால்களால் ஈர மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, மண்ணுப் பறிச்சுட்டிருக்குதுங்க” என்றார்.

எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. வண்டிக்கு அடியில் போய் நசுங்கிவிடும் என்று பட்டது. அது மட்டும்தான் பட்டது என்று எழுதினால் பொய். ஆசையும் பட்டேன். சின்ன வயதில் வேலியில் ஓடுகிறதெல்லாம் எங்களுக்கு ஒடக்கான்தான், அதாவது ஓணான். கண்டால் கல்லை எடுப்போம். பச்சோந்தியை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. ஒரு கண் என்னைப் பார்க்கிறது, இன்னொரு கண் வண்டியைப் பார்க்கிறது. ஒரு குச்சியை நீட்டினேன். வாயைப் பிளந்து சீறியது, உடம்பெல்லாம் கறுத்தது, அப்புறம் வேறு வழியில்லாமல் குச்சியைக் கால்களால் பற்றிக்கொண்டது.

“ஊட்டுக்குக் கொண்டுபோறீங்ளா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“ஆமாம்மா. இங்க இருந்தா நசுங்கிப் போயிரும். நான் நல்லாப் பாத்துக்கறேன்.”

“செரிங்க.”

எங்கள் ஊரில் ‘கூடாது’ என்பதை யாரும் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள். கேள்வியாக்கித்தான் கேட்பார்கள். கடைக்கு வந்த விவசாயி பைப்பைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்து, இது தாங்குமுங்களா என்றால், தாங்காது என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். நான் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய்க் கனமான பைப்பை எடுத்துவருவேன். என் மனைவி, இந்தச் சட்டையோடவே கல்யாணத்துக்கு வர்றீங்களா என்றால் போய் மாற்றிக்கொள்வேன். அந்த அம்மா கேட்டதும் அதே கேள்விதான். அது மட்டும் ஏன் எனக்கு வெறும் விசாரிப்பாகக் கேட்டது? கேட்டவர் வாடிக்கையாளர் இல்லை, மனைவி இல்லை, கூலிக்கு வந்தவர். வேறு காரணம் இருக்குமா என்று பல தடவை தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

வீட்டில் அதற்குக் கூண்டு செய்த அழகைச் சொல்ல வேண்டும். பிவிசி பைப்பில் நான்கடி உயரத்துக்குச் சட்டம் போட்டு, சுற்றிலும் பச்சை நிழல்வலை கட்டினேன். உள்ளே கிளுவைக் கிளைகளை நெடுக்கும் குறுக்குமாகச் செருகினேன். தரைக்கு மல்ச்சிங் ஷீட் விரித்தேன். களை முளைக்காமல் இருக்கத் தோட்டத்தில் மண்ணை மூடுகிற பிளாஸ்டிக் விரிப்பு அது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளி. கழுவிவிட வசதி என்று வெள்ளிப் பக்கத்தை மேலே வைத்து, ஓரங்களை இழுத்து நன்றாக ஒட்டினேன். எல்லாமே கடைச் சாமான். பின்னால் நின்று பார்த்து எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் நாள் என் மனைவி கிட்டவே வரவில்லை. இரண்டாம் நாள், அது சாப்பிட்டதா என்று கேட்டாள். சாப்பிடவில்லை என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் இருப்பது அந்த வீட்டுக்கே பெரிய மானக்கேடு. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டை விட்டு யாரும் போய்விட முடியாது. ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு நான்கு தெரு தள்ளி இருக்கிற காலி சைட்டுக்குப் போனாள். முழங்கால் வலிக்கு மருந்து சாப்பிடுகிறவள், புல்லுக்குள் குனிந்து குனிந்து ஏழு வெட்டுக்கிளி பிடித்து வந்தாள். கூண்டுக்குள் விட்டோம். பச்சோந்தி ஒரு கண்ணால் வெட்டுக்கிளியைப் பார்த்தது, மறு கண்ணால் எங்களைப் பார்த்தது. நாக்கை நீட்டும் நீட்டும் என்று செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை கடுத்ததுதான் மிச்சம். பறவைக் கடையில் விற்கிற புழு, கரப்பான்பூச்சி, வாழைப்பழத்தில் மொய்க்கிற கொசு எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். எதையும் தொடவில்லை.

தண்ணீரும் குடிக்கவில்லை. கிண்ணத்தை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் சிறுவாணித் தண்ணீர் வைத்தேன். நான்காம் நாள் காலையில் வலையில் படிந்த தூசியைக் கழுவலாம் என்று மனைவி ஹோஸைப் பிடித்தாள். உள்ளே இலைகளில் துளித்துளியாகத் தண்ணீர் தங்கியது. அவ்வளவுதான், அசையாமல் கிடந்த பச்சோந்தி தலையைத் தூக்கி ஒவ்வொரு துளியாக நக்கிக் குடிக்க ஆரம்பித்தது. தொண்டை ஏறி இறங்கி ஏறி இறங்கி, நிறுத்தவே இல்லை. மூன்று நாள் தாகம் அது. மனைவி அதைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, நீங்க என்ன யாவாரம் பண்றீங்க?” என்றாள்.

அன்றைக்கே கூண்டுக்கு மேலே ஒரு கேனைத் தூக்கி வைத்து, மெல்லிய டியூபும் டிரிப்பரும் மாட்டி, இலை மேல் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்தேன். வேளாவேளைக்கு வந்து குடித்தது. பரம்பிக்குளம் அணைத் தண்ணீர் வருகிற பிஏபி வாய்க்காலையே நான்தான் வெட்டிவிட்டது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். தண்ணீர் பிரச்சினை தீர்ந்ததும் சாப்பாட்டுப் பிரச்சினையும் தானாகத் தீர்ந்துவிடும் என்று நம்பினேன்.

தீரவில்லை. ஆனால் வயிறு மட்டும் இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு இருந்தது. பட்டினி கிடக்கிற உயிருக்கு இப்படி வயிறு இருக்குமா, எதையோ நாம் பார்க்காதபோது தின்கிறது, வீணாகக் கவலைப்படாதே என்று மனைவிக்குச் சமாதானம் சொன்னேன். ஐந்தாம் நாளிலிருந்து அது கிளையில் நிற்கவே இல்லை. கீழே இறங்கித் தரையில் சுற்றிச் சுற்றி நடந்தது. மூலைக்குப் போய் முன்னங்காலால் ஷீட்டைப் பறண்டியது. தப்பித்து ஓடப் பார்க்கிறது, புது இடம் இல்லையா, பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பறண்டிப் பறண்டி ஷீட் ஒரு இடத்தில் கிழிந்துவிட்டது. நான் டேப்பை எடுத்துவந்து அந்தக் கிழிசலை ஒட்டினேன். மறுநாள் வேறு மூலையில் கிழித்தது. அதையும் ஒட்டினேன். ஒழுகுகிற பைப்பை அடைப்பதில் எனக்குள்ள சுறுசுறுப்பு அத்தனையையும் அதில் காட்டினேன். இன்றைக்கும் டேப்பைக் கையில் எடுத்தால் அந்த இரண்டு துண்டுகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி குடும்பத்தோடு வந்தான். பச்சோந்தி நிறம் மாறுவதைக் காட்டச் சொன்னார்கள். பீரோவில் என் மனைவி பத்திரமாக வைத்திருந்த சென்னிமலை பெட்ஷீட்டுகளை எடுத்து ஹாலில் விரித்தேன். முதலில் சிவப்புக் கட்டம். அதன் மேல் பச்சோந்தியைத் தூக்கி விட்டேன். பழுப்பாகி, உடம்பு முழுக்கக் கரும்புள்ளிகள் வந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து மஞ்சள். இன்னும் கறுத்தது. சிவப்பு போடாமல் கறுப்பு போடுகிறதே, நிறம் தெரியாத பச்சோந்தி போலிருக்கிறது என்று தம்பி கிண்டல் செய்தான். இன்னொண்ணு விரிக்கோணுமா என்று மனைவி கேட்டாள். கேட்ட விதத்திலேயே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. நான் நீலத்தை எடுத்து விரித்தேன். அது ஓடக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டது. வெட்கப்படுகிறது என்று சொல்லி எடுத்த வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

ஒன்பதாம் நாள் அதற்குக் கண்கள் உள்ளே போயிருந்தன. அட்டைப்பெட்டியில் வைத்து ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். சின்ன வயதுப் பெண், நாய்க்குட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. கையுறை போட்டு எடுத்து வயிற்றின் இரண்டு பக்கமும் மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிடிக்கும்போது மரத்தில் இருந்ததா, தரையில் இருந்ததா என்று கேட்டார். தரையில்தான், வேலியடியில் என்றேன். என்ன செய்துகொண்டிருந்தது என்றார்.

“மண்ணுப் பறிச்சுட்டிருந்ததுங்க” என்று சொன்னேன். என் வாயால் சொல்லி என் காதால் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

“சினையா இருக்குதுங்க. வயிறு நிறைய முட்டை. அதுதான் எரையெடுக்கல” என்றார் மருத்துவர். பச்சோந்தி தரைக்கு இறங்குவதே பெரும்பாலும் முட்டை வைக்கத்தான், ஈர மண்ணில் குழி பறித்து உள்ளே வைத்து மூடிவிட்டுப் போகும், மண் கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி அது செத்துப்போகும் என்று விளக்கினார். விரிப்பின் நிறத்துக்கு அது மாறுவதில்லை, பயத்திலும் கோபத்திலும்தான் அப்படிக் கறுக்கும் என்றார். அவரிடம் பெட்ஷீட் கதையை நான் சொல்லவில்லை. என் ஸ்டேட்டஸை யாராவது காட்டியிருப்பார்களோ என்று ஒரு நிமிடம் பயந்தேன். இதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படியும் குற்றம், தெரியுமுங்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை. உண்மையாக இருந்தும் சொல்லக் கூசியது.

அங்கிருந்தே வனத்துறை அலுவலகத்துக்கு அவர் போன் போட்டுக் கொடுத்தார். எடுத்த இடத்திலேயே இன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

எடுத்த இடம் இல்லை. மூன்று பக்க வேலியும் போய், பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வேலி மட்டும் நான்காவது பக்கம் நின்றது. என் இடம் முழுக்க ஜேசிபி புரட்டிப்போட்ட செம்மண். அதன் மேல் குடோனுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். வேலியோரத்தில் பெட்டியைச் சாய்த்தேன். பச்சோந்தி வேலியில் ஏறவில்லை. திரும்பி, பொலபொலவென்று கிடந்த புது மண்ணை நோக்கி நடந்தது. கோட்டைத் தாண்டி, குடோனின் உட்பக்கமாக ஓர் ஆறடி போய் நின்று பறிக்க ஆரம்பித்தது. காக்கை வராமல், நாய் வராமல், மதியத்திலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றேன். கடையிலிருந்து வந்த போன்களை எடுக்கவில்லை. அது தலைகீழாகக் குழிக்குள் போய், அப்புறம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. பொழுது சாய்கிற நேரத்தில் வெளியே வந்து, பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளி மூடி, மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தியது. வெறும் பை மாதிரி ஒடுங்கிப்போயிருந்தது. தள்ளாடித் தள்ளாடி வேலிக்குப் போய் ஏறியது. ஏறி நின்றது, ஒரு கிளையில் இருந்த சின்ன வெட்டுக்கிளியைப் பார்த்தது. இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பின. நாக்கு போனதையும் வந்ததையும் நான் பார்க்கவே இல்லை; வெட்டுக்கிளி வாயில் இருந்ததைத்தான் பார்த்தேன். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

முட்டை வைத்த இடத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி சாமி விளக்கை ஏற்றினாள். குஞ்சு வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும், எடுத்து வேறு இடத்தில் வைத்தால் பிழைப்பது கஷ்டம் என்று மருத்துவர் போனில் சொன்னார்.

மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கட்டடத்தை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கலாமுங்க, கோடு மாற்றுவது ஒரு வேலையா என்றார். தள்ளினால் லாரி திரும்ப இடம் பற்றாது, இருபதடிப் பைப்பை வளைத்தா இறக்க முடியும் என்று நான்தான் மறுத்தேன். அப்படியானால் பொறுத்துச் செய்வோம் என்று அவரே சொன்னார். ஐந்து வாரம் பொறுத்தேன். பைப்புகள் வெட்டவெளியில் கிடந்தன. தை பிறந்தால் வியாபாரம் சூடு பிடிக்கும். ஒவ்வொரு நாளும் காலையில் போய் அந்தக் கயிற்றைப் பார்க்கும்போது முதலில் பாசமாக இருந்தது, அப்புறம் பாரமாக இருந்தது, கடைசியில் எரிச்சலாக வந்தது. கார்த்திகை முடிகிற நேரத்தில் ஒரு நாள் மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஆரம்பித்துவிடுங்கள் என்றேன். அவர் குச்சிகளைப் பார்த்தார். நானே போய் நான்கு குச்சிகளையும் பிடுங்கினேன். கான்கிரீட் போட்ட இரண்டு நாளும் பொள்ளாச்சியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அங்கே ஒரு வேலையும் இல்லை.

முட்டை இருந்த எடத்த உட்டுப்போட்டுத்தானே கட்டறாங்க என்று மனைவி கேட்டாள். கோடு மாற்றியாகிவிட்டது, முட்டை இப்போது வேலியோரம் வெளியேதான் இருக்கிறது என்றேன். அவள் அந்த இடத்தை அதுவரை பார்த்ததில்லை, ஆனால் ஒரு நாள் வந்து பார்ப்பாள் என்று தெரியும். அதனால் பிடுங்கிய நான்கு குச்சிகளையும் பக்கத்துத் தோட்டத்து வேலியடியில் நட்டு, அதே கயிற்றைக் கட்டினேன். அவள் வந்து பார்த்தாள். வெயில் காலம் முழுக்க, குடோனுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கயிற்றுக்குள் கையால் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போனாள். கொட்டக் கூடாது, தெளிக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள்.

கடைக்கு வருகிறவர்கள் இன்றும் பச்சோந்தி என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். வேலியில் ஏறி வெட்டுக்கிளி தின்றதுவரை சொல்வேன். புண்ணியமுங்க என்பார்கள். எல்லாம் அவன் செயல் என்று நானும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனி மாதத்தில் ஒரு காலை, குடோனுக்குள் பைப் எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து மனைவி கூப்பிட்டாள். வேலியில், குச்சி நட்டிருந்த இடத்துக்கு மேலே, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பச்சோந்திக் குஞ்சு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எந்தப் பச்சோந்தி எங்கே வைத்த முட்டையோ. அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

“பாருங்க, நம்முளுது பொறிச்சிருச்சு. நீங்க மட்டும் அன்னிக்குக் கோட்டை மாத்தலீன்னா இது இருக்குமா?” என்றாள்.

நான் குடோன் வாசற்படியில், கான்கிரீட்டின் மேல் செருப்புக்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

“ஆமா அம்மிணி, நம்முளுதுதான்” என்றேன்.